வெந்நீர் முதலில்

ககோஷிமா படகுத்துறைக்குப் பின்சந்து. ஏழு நாற்காலி.
எதிர்க்கரையில் மலை புகைகிறது.
இன்று காற்று நம் பக்கம்,
வாசல் விளக்கெல்லாம் சாம்பல்.
துடைத்துக்கொண்டிருந்தபோது வந்தார் சவகுச்சி.
காப்பீட்டு நிறுவனம், செந்தாயிலிருந்து மாற்றல்,
வந்து பதினோரு நாள்.
"இங்கே எல்லாரும் குடிப்பதையே கொடுங்கள்."

கொடுத்தேன். கஷாயம்போல அண்ணாந்து
ஒரே மடக்கு.
இருமல் அடங்கும்வரை
நான் வெள்ளரிக்காய் நறுக்கினேன்.

பரவாயில்லை, சவகுச்சி சான்.
பீர் புளித்ததோடு நின்றுவிடும்,
உங்கள் ஊர் சாக்கேயும் அப்படித்தான்.
இது அதற்கும் அப்பால் போய்வந்தது.
புளித்த கிழங்குக் கூழைக் கொதிக்கவையுங்கள்,
தண்ணீருக்கு முன்பே போதை கிளம்பிவிடும், அவசரக்காரன்.
பிரிந்த ஆவி போனதுதானே என்று விடுவதில்லை இவர்கள்.
குளிர்ந்த குழாயில் மடக்கிப் பிடித்து
மனம் மாறவைத்து
சொட்டுச் சொட்டாய் வடிக்கிறார்கள்.

முதலில் வடிவதற்கு ஹனாதாரே என்று பேர்,
மூக்கொழுகி என்றும் காதில் விழும்.
நாற்பத்துநாலு டிகிரி, வாசனை வாசலிலேயே வந்து நிற்கும்.
கடைசியில் வடிவதில் கருகல்.
நடுவில் வருவதுதான் குடும்பத்தைச் சுமப்பது.
தண்ணீர் சேர்த்து இருபத்தைந்துக்கு இறக்கினால்
உங்களை இப்போது இருமவைத்தது.

மூக்கைக் கிண்ணத்துக்குள் விடாதீர்கள், அடிக்கும்.
மோவாய்க்குக் கீழே பிடியுங்கள்,
வாய் கொஞ்சம் திறந்திருக்கட்டும்.
என்ன வருகிறது?
"மண்."
அப்புறம்?
"சுட்ட கிழங்கின் தோல்."
வெகுநேரம் கழித்து, கூச்சத்தோடு,
"வாழைப்பழம். இருக்க முடியாது, இல்லையா?"
இருக்கும்.

இப்போது வெந்நீர் முதலில். ஷோச்சூ பிறகு.
சூடு மேலே வரப் பார்க்கும், குளிர் கீழே இறங்கப் பார்க்கும்,
வழியில் ஒன்றையொன்று சந்தித்துக்கொள்ளும்.
கரண்டி வேண்டாம்,
அவை பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.
ஆறுக்கு நாலு என்பார்கள் இந்த ஊரில்.
முதல் நாள் நீங்கள் தண்ணீரை ஆறாக்குங்கள்,
யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள்.
ஒரு வாய். நாக்கின்மேல் கொஞ்சம் படுத்திருக்கட்டும்.
விழுங்கியபின் மூச்சை மூக்கால் விடுங்கள்.
இரண்டாம் முறை குடிப்பது அது, காசில்லாமல்.
பக்கத்தில் பச்சைத் தண்ணீர். வெறும் வயிறு ஆகாது,
இந்தாருங்கள், மீன் வடை.

"அந்தக் கருப்பு ஜாடியில்?" என்றார்.

அது விற்பனைக்கு இல்லை.
மூன்று நாள் முன்பே தண்ணீரோடு கலந்து மூடிவைப்பது.
காத்திருந்தால் முரட்டு முனை மழுங்கும்.
வருகிறவர் யாரென்று தெரிந்தால் மட்டுமே கலக்க முடியும்.
படகில் எஞ்சின் பார்க்கும் உஎனோசோனோவுக்காக,
ஒன்றுவிட்ட வியாழன்தோறும்.
நேற்று வந்தார்.
கல்லீரலைப் பற்றி மருத்துவர் சொன்னதைச்
சிரித்துக்கொண்டே சொன்னார்.
பார்லி டீ கேட்டார்.
தன் பழைய கிண்ணத்திலேயே கேட்டார்.
இரண்டு மணி நேரம் அதைக் கையில் வைத்திருந்தார்,
சூடு போனபிறகும்.

சவகுச்சி எதுவும் சொல்லவில்லை.
நான் ஜாடியை இளந்தணலில் வைத்தேன்.
ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.
வெள்ளிக்கிழமை, வெளியே சாம்பல், கலந்தது கலந்ததுதான்.

மெல்லக் குடித்தார் இந்த முறை.
தாரேயமே என்பார்கள் இங்கே,
அன்றைய அசதியை அன்றே நிறுத்துவது.
அசதியை மட்டும். மற்றதை நிறுத்தும் சரக்கு
என்னிடம் இல்லை, எந்தக் கடையிலும் இல்லை.

இரண்டாவது கிண்ணம் கேட்பார் என்று நினைத்தேன்.
காலியானதை மோவாய்க்குக் கீழே பிடித்து
கண்ணை மூடிக்கொண்டார்.
காலிக் கிண்ணத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"இப்போது வேறு வாசனை."
என்ன?
சொல்லத் தெரியவில்லை அவருக்கு.

பில்லில் ஜாடியைச் சேர்க்கவில்லை.
கடைசி டிராமுக்குப் பன்னிரண்டு நிமிடம்.
வாசலில் நின்று குடையை விரித்தார்,
மழைக்கு அல்ல.